துணியின் மறுபக்கம்

(கூடலூர் பகுதிக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் கற்றல் விளைவுகளைப் பற்றியும் மதிப்பீட்டைப் பற்றியும் பயனுள்ள செய்திகளைச் சொன்னார்கள். நான் ஒரு துணியைப் பற்றிப் பேசப் போகிறேன். சரியாகச் சொல்வதென்றால், அந்தத் துணியை வைத்து வகுப்பறையில் நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் ஓவேலியில் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழியில் யானை நிற்கிறது என்று தகவல் வந்தால் முதல் பாடவேளை தானாகத் தள்ளிப்போகும். பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் நீலகிரியின் பழங்குடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் குறிப்பாகப் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளும் நம் மாவட்டத்தில்தான் வாழ்கிறார்கள். அவர்களில் பணியரையும் காட்டுநாயக்கரையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். தோடர்களைத் தெரியாது. தோடர்களின் மந்துகள் பெரும்பாலும் உதகைப் பக்கம் இருக்கின்றன. அதனால் என்னிடம் இருந்த ஒரு தோடர் சால்வையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக வடிவங்கள் கொண்ட சால்வை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மில் சிலருக்குப் பணிநிறைவு விழாவில் அதைப் போர்த்தியும் இருப்பார்கள்.

"இது தோடர்கள் தறியில் நெய்த சால்வை" என்று சொல்லி வகுப்பில் சுற்றவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது நெஞ்சது இல்ல. ஊசியில தச்சது."

"நல்லாப் பாரு. துணியோட துணியா இருக்கு. தச்சா இப்படியா இருக்கும்? உக்காரு" என்றேன். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த மே மாதம் உதகையில் ஒரு கைவினைக் கடையில் தோடர் இனத்து அம்மா ஒருவர் மடியில் துணியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அருகில் போய், "தறி எங்கே இருக்கும்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "தறியா? எங்ககிட்ட ஏது தறி?" என்று சொல்லி கையிலிருந்த ஊசியைத் தூக்கிக் காட்டினார். அந்த ஊசியைப் பார்த்ததும் மூன்றாவது பெஞ்சுதான் என் நினைவுக்கு வந்தது.

தோடர்கள் எருமை வளர்த்து வாழ்ந்தவர்கள், நெசவாளர்கள் அல்லர். துணி அவர்களுக்கு வெளியிலிருந்துதான் வந்தது, இன்றும் அப்படித்தான் வருகிறது. சற்று முரடான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்புப் பட்டைகள் மட்டும் தறியிலேயே நெய்யப்பட்டிருக்கும். அந்தப் பட்டைகளை ஒட்டியும் அவற்றுக்கு இடையிலும் உள்ள வடிவங்கள் அனைத்தும் தோடர் பெண்கள் ஊசியால் இழைத்தவை. இந்த வேலையை அவர்கள் 'புகூர்' என்கிறார்கள். இந்த வேலைப்பாடு கொண்ட போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். ஆண்களும் பெண்களும் அதை உடுத்துகிறார்கள். இறந்தவரின் உடலைப் போர்த்துவதும் வேலைப்பாடு செய்த பூத்துக்குளியால்தான். ஆகவே, நாம் பொன்னாடையாகப் பயன்படுத்தும் இந்தத் துணி அவர்கள் வாழ்வில் கடைசிவரை கூட வருகிற துணி.

துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகிறார்கள். இத்தனை இழை விட்டு, இத்தனை இழை எடுத்து, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எருமைக் கொம்பு, மலை, முயல் காது என்று வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. ஓர் இழை தப்பினால் கொம்பு கோணிவிடும். எழுதிவைத்த மாதிரி ஏதும் இல்லை. தாயைப் பார்த்து மகள் கற்றுக்கொள்கிறாள்.

இன்னொன்றும் எனக்குப் புதிதாக இருந்தது. துணியின் பின்பக்கமிருந்துதான் தைக்கிறார்கள். வரிசை முடிந்து நூல் திரும்பும் இடத்தில் அதை முழுக்க இழுக்காமல் சிறு வளையமாக விடுகிறார்கள். அந்த வளையங்களால் ஒரு பக்கம் சற்று மேடாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். அதுவே அவர்களுக்கு வெளிப்பக்கம். தைத்தவருடைய பின்பக்கத்தைத்தான் நாம் முன்பக்கமாக அணிகிறோம்.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். முதல் நாளே சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். "போன வருஷம் நான் சொன்னது தப்பு. இவ சொன்னதுதான் சரி" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு அவளிடம், "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன். போன ஆண்டே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அவள் சொன்னாள்: "செகப்பு நூலுக்கு அடியில வெள்ளத்துணி முழுசா இருந்துச்சு டீச்சர். எங்க பாட்டி படங்கு தைக்கும்போது மறுபக்கத்தத்தான் மொதல்ல பாக்கச் சொல்லும்."

படங்கு என்றால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கொழுந்து எடுக்கும் பெண்கள் பனியில் நனையாமலும் செடி கிழிக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த துணி அது. பாட்டி அந்தப் பெயரை இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார். கிழிந்த படங்கை ஒட்டுப்போடும் பாட்டியிடம் அந்தச் சிறுமி கற்றுக்கொண்டதை, பி.எட். முடித்து இத்தனை ஆண்டு பணியாற்றிய நான் அறிந்திருக்கவில்லை.

இனி உங்களை வெகுதூரம், எகிப்துக்கு அழைத்துப் போகிறேன். காரணம் இருக்கிறது.

சங்ககாலக் கடல் வணிகம் பற்றிய பாடத்துக்குப் படங்கள் தேடிக்கொண்டிருந்தேன். எகிப்தின் செங்கடல் கரையிலிருந்த பெரனிகே துறைமுகத்திலும் குசேர் அல் காதிமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்ததை நாம் வகுப்பில் சொல்கிறோம் அல்லவா? அதைத் தேடும்போது எகிப்தின் பழைய துணிகளின் படங்கள் வந்தன. ஒரு வட்டத்துக்குள் கொடிகளும் மீன்களும் வாத்துகளும் ஆடும் பெண்களும் இருந்தார்கள். பார்த்ததும் 'அழகான பூவேலை' என்று நினைத்தேன். கீழே இருந்த குறிப்பில் 'நெய்தது' என்று போட்டிருந்தது. சால்வை விஷயத்தில் நான் செய்ததற்கு நேர் எதிரான தவறு!

காப்டிக் என்பது எகிப்தின் பூர்விகக் கிறித்தவ மக்களைக் குறிக்கும் பெயர். எகிப்தியர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அரபியில் 'கிப்த்' என்றாகி, அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. ஏறத்தாழ கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகள் முதல், 7ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சி வந்த பின்னரும் சில நூற்றாண்டுகள் வரை எகிப்தில் நெய்யப்பட்ட அலங்காரத் துணிகளை ஆய்வாளர்கள் பொதுவாகக் காப்டிக் துணிகள் என்கிறார்கள். நெய்தவர் அனைவரும் கிறித்தவர் என்று பொருளல்ல. பழைய துணிகளில் கிரேக்கக் கதைமாந்தரும் நைல் நதிக் காட்சிகளும் இருக்கின்றன. பிறகு சிலுவைகளும் புனிதர்களும் வருகிறார்கள்.

அவர்களின் மேலங்கியைத் தறியில் சிலுவை வடிவத்தில் ஒரே துண்டாக நெய்தார்கள். தலை நுழைய நடுவில் ஒரு திறப்பு இருக்கும். மடித்துப் பக்கவாட்டில் தைத்தால் அங்கி தயார். தோளிலிருந்து இறங்கும் இரண்டு பட்டைகளும், தோளிலும் முழங்கால் பக்கத்திலும் உள்ள வட்டங்களும் சதுரங்களும்தான் அலங்காரம். அங்கி ஆளிநார்த் துணி. அலங்காரம் சாயமேற்றிய கம்பளி நூல். ஆளிநாரில் சாயம் எளிதில் பிடிக்காது, கம்பளியில் நன்றாகப் பிடிக்கும் என்பது அதற்கொரு காரணம். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர், நீலத்துக்கு அவுரி போன்ற செடிகளின் சாயம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் ஊதா. கடல் சங்கிலிருந்து எடுக்கும் உண்மையான ஊதாச் சாயம் மிக விலை உயர்ந்தது. எனவே, பலருக்கு இந்தக் கலப்பு ஊதாவே கைக்கு எட்டியது.

நெய்யும் முறையைக் காஞ்சிபுரத்தை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா ஓடும். இரண்டு ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். எகிப்திய நெசவாளர் ஒரு சிறிய வட்டத்துக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஊடைநூல் வைத்துக்கொண்டார். மீனின் சிவப்பு நூல் மீனின் எல்லைக்குள் மட்டுமே போய்வரும். அதைப் பாவு தெரியாதபடி அடித்து நெருக்குவார்கள். கண், இறகு போன்ற நுணுக்கமான கோடுகளை நெய்யும்போதே மெல்லிய வெள்ளை நூலைச் சுற்றிப் போட்டார்கள். அந்தக் கோடுகள்தான் பார்ப்பவரைத் தையல் என்று ஏமாற்றுகின்றன.

அப்படியானால் நெய்ததையும் தைத்ததையும் எப்படிப் பிரித்தறிவது? என் மாணவி சொன்னதுதான் வழி. தோடர் சால்வையிலிருந்து சிவப்பு நூலை உருவிவிட்டால் அடியில் வெள்ளைத்துணி முழுதாக இருக்கும். காப்டிக் துணியில் மீனின் சிவப்பு நூலை உருவினால் அங்கே துணியே இருக்காது. வெறும் பாவு இழைகள் தொங்கும், ஓட்டை விழும். முதலாவதில் அலங்காரம் துணியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதில் அலங்காரமே துணி. உண்மையில் எதையும் உருவிப் பார்த்துவிடாதீர்கள், மனத்தில் உருவிப் பார்த்தால் போதும்!

இவ்வளவு பழைய துணி எப்படி நமக்குக் கிடைத்தது? ரோமானியர் காலத்தின் இறுதியில் எகிப்தில் உடலைப் பதப்படுத்தும் வழக்கம் மறைந்தது. இறந்தவரை அவர் உடுத்திய உடையோடு மணலில் அடக்கம் செய்தார்கள். அந்த வறண்ட மணல் துணிகளைக் காப்பாற்றியது. 1880களில் அக்மிம் என்ற ஊரிலும், 1896 முதல் அந்தினோவே என்ற இடத்திலும் நடந்த அகழாய்வுகளில் ஏராளமான துணிகள் வெளிவந்தன. இன்று அவை கெய்ரோவில் 1908இல் தொடங்கப்பட்ட காப்டிக் அருங்காட்சியகத்திலும், லண்டனிலும் பாரிசிலும் வேறு பல நகரங்களிலும் இருக்கின்றன.

ஆனால் பெரும்பாலானவை துண்டுகளாகவே இருக்கின்றன. மண் துண்டாக்கியதை விடக் கத்தரிக்கோல் துண்டாக்கியது அதிகம் என்று சொல்லலாம். பலர் வண்ண வட்டத்தையும் பட்டையையும் மட்டும் வெட்டியெடுத்து விற்றார்கள், வாங்கினார்கள். நிறமில்லாத ஆளிநார்த் துணி குப்பைக்குப் போனது. அதனால் பல துண்டுகளைப் பற்றி, அது குழந்தையின் உடையா பெரியவர் உடையா, எந்தக் கல்லறையில் கிடைத்தது என்று எதுவும் சொல்ல முடியாமல் போய்விட்டது. அழகு தங்கியது, அதை உடுத்திய மனிதர் தொலைந்துபோனார்.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று உறுத்தியது. பழங்குடிகளைப் பற்றிய பாடத்தில் நான் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு சால்வை, ஒரு நடனம், ஒரு குடிசைப் படம் என்று வண்ணமான வட்டத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுகிறேன். தைக்கும் பெண், அவள் எண்ணும் கணக்கு, துணி எங்கிருந்து வருகிறது, ஒரு சால்வைக்கு எத்தனை நாள் உழைப்பு, அவளுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்ற வெள்ளைத் துணியை விட்டுவிடுகிறேன். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். அது எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. அதே வடிவத்தை இயந்திரத்தில் போட்டுக் குறைந்த விலையில் விற்றால், இழை எண்ணித் தைப்பவருக்கு என்ன ஆகும்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நன்றாகவே விவாதித்தார்கள். கொழுந்து விலை இறங்கினால் வீட்டில் என்ன ஆகும் என்று அறிந்த பிள்ளைகள் அல்லவா?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு துணிகளின் படத்தையும் அருகருகே வைத்தபோது ஒரு மாணவன், "டீச்சர், அப்ப தோடர்கள் எகிப்துல இருந்து வந்தாங்களா?" என்று கேட்டான். இயல்பான கேள்வி. பெரியவர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். தோடர்களை ரோமானியர் வழி என்றும் சுமேரியர் வழி என்றும் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர்களின் மொழி திராவிட மொழி. 1856இலேயே கால்டுவெல் அதைத் திராவிட மொழிகளோடு சேர்த்தார். 1930களில் நீலகிரியில் தங்கி ஆய்வு செய்த எமனோ அதை விரிவாக விளக்கினார். துணியில் இழைகள் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போல ஓடுகின்றன. கட்டத்தை எண்ணி வடிவம் செய்யும் யாருக்கும் முக்கோணமும் சாய்சதுரமும் படிக்கட்டுக் கோடும்தான் எளிதில் வரும். சாயல் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று முடிவு செய்யக் கூடாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வரலாற்று ஆசிரியரின் கடமை.

உறவைக் காட்டும் சான்று வேறு மாதிரி இருக்கும். பழைய எகிப்தில் நூலைப் பெரும்பாலும் ஒரு திசையில் முறுக்கினார்கள். அதை நிமிர்த்திப் பிடித்தால் புரி இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாயும், ஆங்கில எஸ் எழுத்தின் நடுக்கோடு போல. இந்தியாவில் பருத்தி நூலை எதிர்த்திசையில் முறுக்கினார்கள். அது இசட் எழுத்தின் கோடு போலச் சாயும். பெரனிகேயில் கிடைத்த பருத்தித் துணிகளில் இப்படி இந்திய முறுக்கு உள்ளவற்றை, நம் பக்கமிருந்து கப்பலேறிப் போனவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயரில்லாத ஒரு கை நூலை எந்தப் பக்கம் முறுக்கியது என்பதே சான்றாகிவிட்டது.

இனி, வகுப்பறையில் நான் செய்து பார்த்த மூன்று எளிய செயல்பாடுகள். செலவு ஏதும் இல்லை.

முதலாவது, மறுபக்கம் பார்த்தல். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவர வேண்டும். துண்டு, பழைய சேலைக் கரை, சாக்கு, எதுவாகவும் இருக்கலாம். வடிவம் நெய்ததா, தைத்ததா, அச்சிட்டதா என்று சொல்ல வேண்டும். விடையை விட, "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்ற கேள்விக்கே மதிப்பெண்.

இரண்டாவது, நூல் முறுக்கைப் பார்த்தல். தையல் நூல், சணல், கயிறு ஆகியவற்றை நிமிர்த்திப் பிடித்துப் புரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். அறிவியல் ஆசிரியரிடம் உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நன்று.

மூன்றாவது, எண்ணித் தைத்தல். கோணிச் சாக்கில் இழைகள் தடிமனாகவும் தெளிவாகவும் இருக்கும். கோணி ஊசியும் வண்ணக் கம்பளி நூலும் போதும். முதலில் கட்டத்தாளில் வரைந்து, பிறகு எண்ணித் தைக்க வேண்டும். சமச்சீரும் எண் தொடரும் கணக்குப் பாடத்துக்கும் பயன்படும். தொடக்கநிலை ஆசிரியர்கள் ஊசிக்குப் பதிலாக வண்ணத்தாள் கீற்றுகளைப் பாவும் ஊடையுமாகப் பின்னவைக்கலாம். பையன்களும் தைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் மிக நேர்த்தியான எருமைக் கொம்பு ஒரு பையன் போட்டதுதான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். உங்கள் வகுப்பில் தோடர், கோத்தர், பணியர் வீட்டுப் பிள்ளை இருந்தால், "உங்க ஆளுங்களப் பத்தி சொல்லு" என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை காட்சிப்பொருள் அல்ல. வீட்டில் யாராவது வந்து கற்றுத்தர விருப்பப்பட்டால் முறையாக அழையுங்கள், நாற்காலி போடுங்கள், ஒரு கருத்தாளருக்குத் தரும் மரியாதையைத் தாருங்கள்.

நான் மன்னிப்புக் கேட்ட அன்று அந்தச் சிறுமி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "பரவால்ல டீச்சர்" என்றாள். அன்று மாலை யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் "உக்காரு" என்று சொன்ன நாளிலிருந்து அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அவள் என் வகுப்பில் ஒருமுறைகூடத் தானாக எழுந்து பேசவில்லை. பதிவேட்டில் அவளுக்கு 'அமைதியானவள்' என்று குறிப்பு எழுதியிருந்தேன். அவள் அமைதியானவள் அல்ல. அவளை அமைதியாக்கியது நான்.

எட்டாம் வகுப்பில் அவள் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், வரைபடத்தில் நான் செங்கடலைத் தவறாகக் காட்டியபோது, "டீச்சர், அது பாரசீக வளைகுடா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை "உட்கார்" என்று சொல்கிறோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டுப் பார்ப்போம்.